எச்.எம்.எஸ். பினஃபோர் கடல் கடந்த கதை: காலனிகளில் அது யாருடைய நாடகம்?

#1 பின்பாட்டு

எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக மனதில் கிடக்கும் ஒரு விஷயத்தை இங்கே போடுகிறேன்.

கில்பர்ட் எழுதி சல்லிவன் இசையமைத்த ‘எச்.எம்.எஸ். பினஃபோர்’ என்ற நகைச்சுவை இசை நாடகம் லண்டன் ஓபரா காமிக் அரங்கில் 1878 மே 25 அன்று முதன்முதலாக மேடையேறியது. அங்கே 571 காட்சிகள் ஓடியது. அந்த லண்டன் வரலாற்றை நிறையப் பேர் விரிவாக எழுதிவிட்டார்கள். ஆஸ்திரேலியா, கனடா போன்ற காலனிகளில் அது என்ன ஆனது என்பதுதான் என்னை இழுக்கிறது.

கதை தெரியாதவர்களுக்கு: பினஃபோர் என்பது சின்னப் பிள்ளைகளின் உடை அழுக்காகாமல் மேலே கட்டிவிடும் ஏப்ரன். ஒரு போர்க்கப்பலுக்கு அந்தப் பெயரை வைத்ததிலேயே கேலி தொடங்கிவிடுகிறது. கப்பல் தலைவரின் மகள் ஜோசஃபீன், சாதாரண மாலுமி ரால்ஃபைக் காதலிக்கிறாள். அப்பாவோ கடற்படை அமைச்சர் சர் ஜோசஃப் போர்ட்டருக்குக் கட்டிவைக்கப் பார்க்கிறார். அந்த அமைச்சர் கடலுக்கே போகாதவர். வக்கீல் ஆபீசில் கதவுக் கைப்பிடியைத் துடைத்துத் துடைத்தே மேலே வந்ததாக அவரே பாடுவார். கடைசியில், படகில் வந்து கப்பல்காரர்களுக்குப் பண்டம் விற்கும் பட்டர்கப் என்ற பெண் ஓர் உண்மையைச் சொல்கிறாள். கைக்குழந்தைகளாக இருந்தபோது தலைவரையும் ரால்ஃபையும் அவள் மாற்றிவிட்டாளாம். உடனே மாலுமி தலைவனாகிறான், தலைவர் மாலுமியாகிறார். யாரும் ஒரு கேள்வி கேட்பதில்லை.

பிறப்பால் வரும் தகுதியை இப்படிச் சிரித்தே சாய்த்த நாடகம் காலனிகளுக்குப் போனபோது அந்தச் சிரிப்பு அதே சிரிப்பாக இருந்திருக்காது என்பது என் எண்ணம். உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள்.

#2 வழக்காடி

நல்ல இழை. நான் காப்புரிமைப் பக்கத்திலிருந்து வருகிறேன், அதனால் அங்கேயே தொடங்குகிறேன்.

பினஃபோர் முதலில் பரவியது திருட்டு மேடையேற்றத்தால்தான். 1878 நவம்பர் 25 அன்று பாஸ்டன் மியூசியம் அரங்கில் அனுமதி இல்லாமல் போட்டார்கள். அதன்பின் அமெரிக்கா முழுக்க ஏறத்தாழ 150 குழுக்கள் போட்டதாகக் கணக்கு சொல்வார்கள். பிரிட்டிஷ் நாடகத்துக்கு அமெரிக்கச் சட்டம் பாதுகாப்புத் தரவில்லை. பாடல்கள் பியானோ இசைக்குறிப்போடு அச்சாகிக் கடையில் கிடைத்தன. அதை வாங்கி, வாத்தியங்களுக்கான பகுதியை உள்ளூர் இசைக்காரர் யாரையாவது வைத்து எழுதிக்கொண்டால் முடிந்தது வேலை. பின்னாளில் அணிவகுப்பு இசைக்குப் பேர்போன சூசா கூட 1879இல் பிலடெல்பியாவில் ஒரு குழுவுக்கு அப்படிச் செய்து கொடுத்தவர்தான். எரிச்சலான கில்பர்ட்டும் சல்லிவனும் தயாரிப்பாளர் டாய்லி கார்ட்டும் அந்த ஆண்டு கடைசியில் தாங்களே நியூயார்க் போய் ‘இதுதான் அசல்’ என்று போட்டுக் காட்டினார்கள்.

ஆஸ்திரேலியக் காலனிகளின் நிலை வேறு. அங்கே பிரிட்டிஷ் உரிமைக்கு நீதிமன்றத்தில் மதிப்பு இருந்தது. அமெரிக்க நடிகர் ஜே. சி. வில்லியம்சன் (1874இல் மனைவி மேகி மூரோடு ஆஸ்திரேலியா வந்து பெயர் வாங்கியவர்) 300 பவுண்டு கொடுத்து அந்தப் பகுதிக்கான உரிமையை வாங்கினார். அவர் வந்து இறங்குவதற்கு முன்பே, 1879 மே மாதம், கெல்லி - லியோன் என்ற மின்ஸ்ட்ரல் குழு சிட்னியில் நாடகத்தைப் போட்டுவிட்டது. முகத்தில் கரி பூசிக்கொண்டு ஆடிப்பாடிப் பிழைத்த குழு அது. லியோன் பெண் வேடத்தில் பெயர் எடுத்தவர். வில்லியம்சன் திருட்டுக் குழுக்களை வழக்குப் போட்டு நிறுத்திவிட்டு, 1879 நவம்பர் 15 அன்று சிட்னி தியேட்டர் ராயலில் முறைப்படி மேடையேற்றினார். சர் ஜோசஃபாக அவரே நடித்தார். மேகி மூர் ஜோசஃபீன்.

அந்த 300 பவுண்டில் ஊன்றிய கால்தான் பிறகு ‘தி ஃபர்ம்’ என்று எல்லோரும் சொல்லும் அளவுக்கு வளர்ந்த வில்லியம்சன் நாடக சாம்ராஜ்யம். நாடகம் யாருடையது என்று கேட்டால், காலனியைப் பொறுத்தவரை ரசீது வைத்திருந்தவருடையது.

#3 கடற்காகம்

ரசீது இருந்தால் சொந்தமாகிவிடுமா? சிட்னி மக்கள் முதலில் பார்த்துச் சிரித்தது கெல்லி - லியோன் குழுவை. அந்தப் பாட்டுகளை முதலில் முணுமுணுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனது அங்கிருந்துதான்.

லண்டனிலும் ஒன்றும் வாழவில்லை. 1879 ஜூலை 31 அன்று, முதலீடு போட்ட பங்காளிகளே ஆள் கூட்டிக்கொண்டு வந்து, காட்சி நடந்துகொண்டிருக்கும்போதே மேடைப் பொருட்களைத் தூக்கப் பார்த்தார்கள். அரங்கத் தொழிலாளர்கள் மல்லுக்கட்டி விரட்டினார்கள். மறுநாளே அந்தப் பங்காளிகள் வேறு அரங்கில் போட்டி பினஃபோர் போட்டார்கள். உரிமை, அசல் எல்லாம் பிற்பாடு எழுதிக்கொண்டவை.

#4 மெல்பர்ன்வாசி

பின்பாட்டு, உங்கள் கேள்விக்கு வருகிறேன். இருபது வருடமாக இங்கே இருக்கிறேன். என் மகன் பள்ளியில் பினஃபோர் போட்டபோது மாலுமிச் சட்டைக்கு நீலக் காலர் தைத்துக் கொடுத்தவன் நான். அப்போது படிக்க ஆரம்பித்தது இன்னும் விடவில்லை.

லண்டனில் சர் ஜோசஃபைப் பார்த்ததும் ஜனங்களுக்கு யார் ஞாபகம் வந்தது? டபிள்யூ. எச். ஸ்மித். ரயில் நிலையங்களில் புத்தகக் கடை நடத்திய குடும்பம். 1877இல் அவரைக் கடற்படை அமைச்சராக்கினார்கள். கடலைப் பற்றி அவருக்கு என்ன தெரியும் என்று சிரித்தது லண்டன். கடைக்காரன் மேலே வந்துவிட்டான் என்பதில் அடங்கியிருக்கிறது அந்தச் சிரிப்பு.

இப்போது 1879 நவம்பர் சிட்னிக்கு வாருங்கள். அப்போது நியூ சவுத் வேல்ஸ் காலனியின் பிரதமர் ஹென்றி பார்க்ஸ். பர்மிங்காமில் எலும்பும் தந்தமும் கடையும் தொழில் பழகியவர். 1839இல் அரசு உதவிப் பயணத்தில் கையில் ஒன்றுமில்லாமல் கப்பலேறி வந்து கூலி வேலை பார்த்தவர். அதே சமயம் மெல்பர்னில், விக்டோரியா காலனியின் பிரதமர் கிரஹாம் பெரி. சிறு வயதிலேயே துணிக்கடையில் வேலைக்குச் சேர்க்கப்பட்டவர், பிறகு மளிகை வியாபாரம். ‘கைப்பிடி துடைத்து மந்திரியானேன்’ என்று மேடையில் ஒருவர் பாடும்போது, கீழே உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு அது நடக்கவே நடக்காத வேடிக்கை இல்லை, அவர்கள் ஊர் நடப்பு. பாதிப் பேர் தங்கள் மகனுக்கும் அப்படி நடக்காதா என்று ஏங்கியவர்கள்.

லண்டனில் கீழே இருந்து ஏறி வந்தவனைப் பார்த்துச் சிரித்தார்கள். இங்கே, பிறப்பை வைத்து மனிதனை எடைபோடும் பழைய ஊரைப் பார்த்துச் சிரித்திருப்பார்கள். ஒரு வசனம்கூட மாறவில்லை, ஆனால் சிரிப்பு திசை திரும்பிவிட்டது. இதைத்தான் நீங்கள் தேடுகிறீர்கள் என்று நினைக்கிறேன்.

#5 ஒப்பனைஅறை

மெல்பர்ன்வாசி சொன்னது அழகான வாசிப்பு. முழுக்க ஒத்துக்கொள்ள என்னால் முடியவில்லை. நாடகம் போட்டுப் பழகியவன் என்ற முறையில் சொல்கிறேன்.

இரண்டாம் பாகத்தில் ‘அவன் ஓர் ஆங்கிலேயன்’ என்று ஒரு பாட்டு வருகிறது. ரஷ்யனாகவோ பிரெஞ்சுக்காரனாகவோ துருக்கியனாகவோ பிறந்திருக்கலாம், ஆனால் அந்த ஆசைகளுக்கெல்லாம் இடம் கொடுக்காமல் ஆங்கிலேயனாகவே இருந்துவிட்டான் என்று புகழ்கிறது. பிறப்பு ஏதோ அவனே தேர்ந்தெடுத்தது போல! எழுத்தில் அது கூர்மையான கேலி. ஆனால் சல்லிவன் போட்ட மெட்டு கம்பீரமானது, கோயில் பாட்டு மாதிரி நெஞ்சை நிமிர்த்தும். மொத்தக் குழுவும் நின்று பாடினால் கேலி மறைந்து பெருமிதம்தான் நிற்கும். தாய்நாட்டிலிருந்து பல்லாயிரம் மைல் தள்ளி உட்கார்ந்து கேட்பவனுக்கு அது இன்னும் இனிக்கும். சொல் ஒரு பக்கம் இழுக்க, மெட்டு ஒரு பக்கம் இழுத்தால் மேடையில் எப்போதும் மெட்டுதான் ஜெயிக்கும். எங்கள் ஒத்திகைகளில் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அதனால் காலனிக்காரர்கள் பழைய ஊரைப் பார்த்துச் சிரித்தார்கள் என்பது பாதி உண்மை. மீதிப் பாதியில் கண் கலங்கியிருப்பார்கள்.

#6 மெல்பர்ன்வாசி

ஒப்பனைஅறை, ஏற்கிறேன். மகன் பள்ளியில் அந்தப் பாட்டுக்குப் பின்வரிசைத் தாத்தா ஒருவர் எழுந்தே நின்றார். கேலி அவரைத் தொடவே இல்லை.

#7 கடற்காகம்

கனடாவை விட்டுவிட்டீர்களே! அங்கே சிரிப்பு தானாகத் திரும்பும் வரை காத்திருக்கவில்லை, பேனாவை எடுத்துத் திருப்பிவிட்டார்கள். வில்லியம் ஹென்றி ஃபுல்லர் என்பவர் சல்லிவனின் மெட்டுகளை அப்படியே வைத்துக்கொண்டு ‘எச்.எம்.எஸ். பார்லிமென்ட்’ எழுதினார். 1880 பிப்ரவரியில் மான்ட்ரியாலில் மேடையேறி, பிறகு ஊர் ஊராகப் போனது. கப்பல் இருந்த இடத்தில் நாடாளுமன்றம். கப்பல் தலைவர் கோர்கோரன் இருந்த இடத்தில் ‘கேப்டன் மாக் ஏ’, அதாவது பிரதமர் ஜான் ஏ. மெக்டொனால்ட். அவருடைய ‘தேசியக் கொள்கை’ சுங்க வரிதான் கேலிப் பொருள். லண்டனில் முதல் காட்சி நடந்து இரண்டு வருடம் கூட ஆகவில்லை.

வழக்காடி ரசீது பற்றிப் பேசினார். என்னைக் கேட்டால், சொந்தமாக்கிக்கொள்வது என்றால் இதுதான்.

#8 வழக்காடி

ஃபுல்லர் செய்ததை மதிக்கிறேன். ஆனால் மெட்டு போட்ட சல்லிவனுக்கு அதில் ஒரு பென்னி போயிருக்குமா? எழுதியவன் வயிறு காய, எடுத்தவன் கைதட்டல் வாங்குவதை ‘சொந்தமாக்கல்’ என்று கொண்டாட என்னால் முடியாது. ரசீதை நான் விடமாட்டேன்.

#9 பின்பாட்டு

எல்லோரும் கொடுத்த தகவல்களுக்கு நன்றி. பார்க்ஸையும் பெரியையும் சர் ஜோசஃப் பக்கத்தில் நிறுத்திப் பார்க்க எனக்குத் தோன்றியதே இல்லை, மெல்பர்ன்வாசி.

உண்மையில் நான் இழையைத் தொடங்கியதற்கு வேறொரு காரணம். நான் கேட்ட ‘யாருடைய நாடகம்’ என்ற கேள்விக்கு இதுவரை திருடியவர், வாங்கியவர், திருத்தியவர் என்று பதில் வந்திருக்கிறது. நடித்தவர்களில் ஒரு கூட்டத்தை யாரும் சொல்லவில்லை. பிள்ளைகள்.

1879 டிசம்பரில் டாய்லி கார்ட்டே லண்டனில் பிள்ளைகளை மட்டும் வைத்து ஒரு பினஃபோர் போட்டார். அது பெரும் வெற்றி. ஆனால் ‘ஆலிஸ்’ கதை எழுதிய லூயிஸ் கரோல் அதைப் பார்த்து மனம் நொந்தார். கப்பல் தலைவர் கெட்ட வார்த்தை சொல்லிவிட்டார் என்று சின்னஞ்சிறு பெண்கள் கூட்டமாக, சிரித்த முகத்தோடு, அந்த வார்த்தையையே பாடுவதைக் கேட்கப் பொறுக்கவில்லை என்று 1888இல் ஒரு கட்டுரையில் எழுதினார்.

1880இல் டாஸ்மேனியாவின் லான்செஸ்டனில், ஜேம்ஸ் ஜோசஃப் பொலார்ட் என்ற இசைக்காரர் பிள்ளைகளை வைத்து இதே பினஃபோரைப் போட்டார். அவருக்கே நிறையப் பிள்ளைகள். அப்படிப் பிறந்ததுதான் பொலார்டின் லில்லிபுட்டியன் ஓபரா கம்பெனி. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பிறகு நீராவிக் கப்பல் போகும் ஆசியத் துறைமுகங்கள் எல்லாம் சுற்றினார்கள். குடும்பத்தின் அடுத்த தலைமுறை வேறு வேறு குழுக்களாக நடத்தி வட அமெரிக்கா வரை கொண்டுபோனது. மௌனப் படக் காலத்து ஹாலிவுட் சிரிப்பு நடிகர் ஸ்னப் பொலார்டும், லாரல் - ஹார்டி படத்தில் ஹார்டிக்கு மனைவியாக வந்த டாஃப்னி பொலார்டும் அங்கே வளர்ந்தவர்கள்தான். இருவருமே பொலார்ட் குடும்பத்தில் பிறந்தவர்கள் இல்லை, கம்பெனியின் பெயரைத் தங்கள் பெயராக வைத்துக்கொண்டவர்கள்.

ஒரு பத்து வயதுப் பையன் அமைச்சர் வேடத்தில் கைப்பிடி துடைத்த கதையைப் பாடினால், பார்ப்பவர்களுக்கு ஸ்மித்தும் நினைவுக்கு வரமாட்டார், பார்க்ஸும் வரமாட்டார். ‘எவ்வளவு அழகாகச் செய்கிறது குழந்தை’ என்பதுதான் மிஞ்சும். நாடகத்தின் பல்லைப் பிடுங்கிவிட்டு அதைப் பார்த்து உருகுவது அது. எனக்கு அது பிடிக்கவில்லை.

#10 நாகூர்த்தோணி

தாமதமாக வருகிறேன். ஒரு சந்தேகம். பட்டர்கப் குழந்தைகளை மாற்றிவிட்டாள் என்றீர்கள். அவளிடம் எப்படி இரண்டு குழந்தைகள் வந்தன?

#11 பின்பாட்டு

நாகூர்த்தோணி, நான் அடுத்துச் சொல்ல இருந்ததைக் கேட்டுவிட்டீர்கள்.

அந்தக் காலத்தில் காசு வாங்கிக்கொண்டு பிறர் குழந்தையை வளர்த்துக் கொடுக்கும் தொழில் ஒன்று இருந்தது. பெரும்பாலும் மணமாகாத, ஏழைத் தாய்மார்களின் குழந்தைகள். வாங்கிய பணம் குழந்தையின் பாலுக்குப் போதாது என்று ஆகும்போது நடந்த கொடுமைகள் பல. லண்டனில் 1870இல் இதற்காக மார்கரெட் வாட்டர்ஸ் என்ற பெண்ணைத் தூக்கிலிட்டார்கள். பட்டர்கப் தன் பாட்டில், இளவயதில் அந்தத் தொழிலைச் செய்ததாக ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போவாள். லண்டன் பார்வையாளர்களுக்கு நாளிதழில் படித்த திகில் இன்னும் மறந்திருக்காது. அதையே சிரிப்பாக்கியது கில்பர்ட்டின் துணிச்சல்.

காலனிகளில் அந்தத் திகில் சில ஆண்டுகள் கழித்து வந்தது. 1893இல் சிட்னியில் ஜான் மேக்கின், 1894 ஜனவரியில் மெல்பர்னில் ஃபிரான்சஸ் நோர். இருவரும் இதே தொழிலின் கொலைகளுக்காகத் தூக்கிலேறினார்கள்.

அந்த வரியை, பெற்றோர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்ட ஒரு சிறுமி, வீட்டிலிருந்து வெகுதூரத்தில், சம்பளத்துக்கு, இரவு ஒன்பது மணிக்கு மேடையில் நின்று பாடுவதை நினைத்துப் பாருங்கள். கூலிக்கு வளர்க்கப்படும் பிள்ளைகளைப் பற்றிய பாட்டை அவள்தான் பாடுகிறாள். இதை முதலில் யோசித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

#12 ஒப்பனைஅறை

அந்த வரியை இத்தனை முறை கேட்டிருக்கிறேன். ஒருமுறை கூட இப்படிக் கேட்கவில்லை.

#13 மெல்பர்ன்வாசி

இந்தக் கதை சென்னையில்தான் முடிகிறது என்பது இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்?

1909இல் பொலார்ட் குடும்பத்தைச் சேர்ந்த ஆர்தர் பொலார்ட், மெல்பர்ன் பக்கத்துப் பிள்ளைகளாக ஏறக்குறைய முப்பது பேரைக் கூட்டிக்கொண்டு கப்பலேறினார். பெரும்பாலும் சிறுமிகள். கிழக்கிந்தியத் தீவுகள், மலாயா என்று சுற்றி இந்தியா வந்தார்கள். 1910 தொடக்கத்தில் சென்னையில் இருந்தபோது பிள்ளைகள் பொறுத்தது போதும் என்று எதிர்த்து நின்றார்கள். அவர் நடத்திய விதம் பற்றிய புகார்கள் வெளியே வந்தன. விஷயம் சென்னையில் நீதிமன்றம் வரை போய், பிள்ளைகள் அவர் பொறுப்பிலிருந்து விடுவிக்கப்பட்டு ஊருக்கு அனுப்பப்பட்டார்கள். இங்கே செய்தித்தாள்கள் கொதித்தன. அந்த ஆண்டே ஆஸ்திரேலிய நாடாளுமன்றம் குடிபெயர்வுச் சட்டம் 1910 கொண்டுவந்தது. மேடை ஒப்பந்தத்தின் பேரில் பிள்ளைகளை நாட்டை விட்டு வெளியே கொண்டுபோக அந்தச் சட்டம் தடை போட்டது. பழங்குடி மக்களை ஒப்பந்தத்தில் வெளியே கொண்டுபோவதையும் அதே சட்டம் கட்டுப்படுத்தியது.

லான்செஸ்டனில் 1880இல் தொடங்கியது, முப்பது வருடம் கழித்து சென்னையில் ஒரு நீதிபதி முன்னால் வந்து நின்றது. பிள்ளைகளாகவே ‘போதும்’ என்று சொன்னார்கள் என்பதுதான் எனக்கு முக்கியம்.

#14 நாகூர்த்தோணி

அதே 1910இல்தான் சங்கரதாஸ் சுவாமிகள் சமரச சன்மார்க்க நாடக சபையைப் பாய்ஸ் கம்பெனியாக, அதாவது பையன்களை வைத்தே நாடகம் போடும் குழுவாகத் தொடங்கினார். நம் பையன்களும் ஒப்பந்தத்தில் வீட்டைவிட்டுப் போனவர்கள்தானே? அடி வாங்கியவர்கள்தானே?

#15 ஒப்பனைஅறை

நாகூர்த்தோணி, அடி வாங்கியதை மறுக்கமாட்டேன். கம்பெனியில் வளர்ந்த பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆனாலும் இரண்டையும் ஒரே தராசில் வைக்கத் தயங்குகிறேன். நம் கம்பெனிப் பையனுக்குத் தன் மொழி பேசும் ஊர், தன் சோறு, வாத்தியார் என்று ஒருவர் இருந்தார். தப்பித்து ஓடினால் ரயிலேறி வீடு சேர வழி இருந்தது, சேர்ந்தவர்களும் உண்டு. அந்தப் பிள்ளைகளுக்கு இடையில் ஒரு சமுத்திரம் கிடந்தது. இன்னொன்று, அவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டது ஒரு காலனி நீதிமன்றம். வெள்ளைக்காரப் பிள்ளைகள் இந்திய நகரம் ஒன்றில் இப்படி நடத்தப்படுகிறார்கள் என்ற பதற்றமும் அதில் இருந்திருக்கும். நம் பையன்களுக்காக யார் பதறினார்கள்?

#16 வழக்காடி

ஒப்பனைஅறையின் கடைசிக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

300 பவுண்டு ரசீதைப் பற்றி அவ்வளவு உறுதியாகப் பேசினேன். ஒப்பந்தம் என்றால் இரு தரப்பும் அறிந்து கையெழுத்திடுவது என்றுதான் எங்களுக்குப் பாடம். ஒன்பது வயதுப் பிள்ளைக்காக அப்பா போட்ட கையெழுத்தை அந்தப் பிள்ளை சென்னையில் வந்து மறுத்திருக்கிறாள். வழக்கின் தாள்களைப் பார்க்க வேண்டும் போல் இருக்கிறது. எந்த அடிப்படையில் பொறுப்பிலிருந்து எடுத்தார்கள்? பாதுகாவலர் சட்டமா? யார் மனு செய்தது? அதைப் படிக்காமல் இனி நான் இதைப் பற்றிப் பேசுவதாக இல்லை.

#17 மெல்பர்ன்வாசி

ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தின் ‘ட்ரோவ்’ தளத்தில் அந்த வருடத்துப் பத்திரிகைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. இங்கே வந்த செய்திகளை நான் தேதிவாரியாக எடுத்து இந்த இழையிலேயே போடுகிறேன். பிள்ளைகள் பெயர்களை மட்டும் விட்டுவிடுகிறேன். சென்னைப் பக்கத்துத் தாள்கள் உங்கள் கையில்.

#18 வழக்காடி

எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் எனக்கு வாசகர் அனுமதி இருக்கிறது. திங்கட்கிழமை போகிறேன். 1910 பிப்ரவரி, மார்ச் பத்திரிகைக் கட்டுகளை முதலில் கேட்கிறேன். யாராவது கூட வருவதென்றால் காலை பத்து மணிக்கு வாசலில்.

#19 பின்பாட்டு

நான் வருகிறேன்.